இரண்டு சர்வர், ஒரே முகூர்த்தம்

1

செடெனாக்கில் தன் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியைச் சோதிக்கும்போதெல்லாம் பரமேஸ்வரி அக்கா ஒரே நாயனப் பதிவைத்தான் போடுவார். முதலில் ஒரு கரகரப்பு. பிறகு சீவாளியில் எச்சில் படும் கீச்சு. அதற்குப் பிறகுதான் ராகம் மெல்லத் தலைநீட்டும். வெளியே எண்ணெய்ப்பனை வரிசைகள், அவற்றுக்கு அப்பால் புதிதாகத் தோண்டிப் போட்ட செம்மண், லாரிகள். உள்ளே அந்தக் கீச்சு என்னை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணப் பந்தலில் இறக்கிவிடும்.

அங்கே நாயனக்காரர்கள் இருவர், அண்ணனும் தம்பியும். அண்ணன் மூச்சு வாங்கும் இடத்தில் தம்பி எடுத்துக்கொள்வார். ஒலி எந்த இடத்தில் கை மாறுகிறது என்று கண்டுபிடிக்க, பந்தக்கால் அருகே நின்று காதைத் தீட்டித் தீட்டித் தோற்றிருக்கிறேன்.

இங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் அந்த இருவரைத்தான் சொல்கிறேன். ஜொகூர் பாருவில் ஒரு சிறு நிறுவனத்தில், தரவுத்தளங்கள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே சர்வரை நம்பினால் அது படுக்கும் அன்று கடையே படுத்துவிடும். ஆகவே இரண்டு சர்வர்கள், இரண்டு ஊர்களில். ஒன்று வாசிக்கும். மற்றது அதன் ஒவ்வொரு சுரத்தையும் அந்தக் கணமே தன்னிடம் எழுதிக்கொண்டு காத்திருக்கும். முதலாவது மூச்சு வாங்கினால் இரண்டாவது எடுத்துக்கொள்ளும். கேட்பவர்களுக்குத் தெரியக்கூடாது. இரண்டையும் இப்படிக் கோத்து வைத்திருக்கும் மென்பொருளைத்தான் கிளஸ்டர் என்கிறோம்.

ஒன்று உயிரோடிருப்பது மற்றதற்கு எப்படித் தெரியும்? நம்மூர் மிஸ்டு கால்தான். விஷயம் எதுவும் இல்லை, ‘இருக்கிறேன்’ என்பது மட்டும். நொடிக்கு நொடி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. அது வராமல் போனால் மற்றது பதறும்.

பதறும் இடத்தில்தான் சிக்கலே இருக்கிறது. தம்பிக்கு அண்ணனின் நாயனம் கேட்கவில்லை. அண்ணன் மயங்கி விழுந்துவிட்டாரா, அல்லது நடுவில் யாரோ கதவைச் சாத்திவிட்டார்களா? உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்காகத்தான் மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி வைப்போம். அதனிடம் தகவல் எதுவும் இருக்காது. தாளக்காரரைப் போல, ராகம் வாசிக்கத் தெரியாது, ஆனால் யார் பக்கம் கச்சேரி நடக்கிறது என்று சொல்லத் தெரியும். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியின் ஆதரவு எந்தச் சர்வருக்கோ அதுவே வாசிக்கலாம். மற்றது வாயை மூடிக்கொண்டு, ‘இப்போது என்னால் பதில் சொல்ல இயலாது’ என்று சொல்ல வேண்டும்.

2

வந்த புதிதில் இங்கே ஒரு கடையில், “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார்கள். என் முகத்தில் பட்டினி தெரிகிறதோ என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன். காலை உணவுக்கு இங்கே அதுதான் பெயர் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. கடல் கடந்து வந்து கற்ற முதல் சொல் தமிழ்ச்சொல்லாக இருந்ததில் எனக்கு இன்றும் ஒரு கர்வம்.

பரமேஸ்வரி அக்கா எந்நேரம் போனாலும் அதையே கேட்பார். லாயாங் லாயாங் என்ற ரயில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். வாடகைக்குப் பாத்திரம் விடுவதில் ஆரம்பித்து, பந்தல், சமையல், கடைசியில் செடெனாக்கில் இந்த மண்டபம். பதிவு செய்ய இரண்டு இடங்கள்: மண்டபத்திலேயே ஓர் அலுவலகம், ஜொகூர் பாருவில் துணிக்கடைகள் இருக்கும் தெருவில் இன்னொன்று. இவ்வளவுக்குக் கிளஸ்டர் எதற்கு, கோழிக்கூட்டுக்குக் கோட்டைச் சுவர் போல, என்று நானே கேட்டேன்.

“தம்பி, கல்யாணம் பேச வர்றவங்க சும்மாவா வர்றாங்க? தட்டுல வெத்தல பாக்கு, பூ, மஞ்சளோட வர்றாங்க. அவங்க மொகத்துக்கு நேரா ‘சிஸ்டம் டவுன்’னு சொன்னா வெளங்குமா? அபசகுனம் லா. என் மெஷின் நிக்கவே கூடாது.”

நிறுவனத்தில் அதுவரை யாரும் இப்படி ஒரு காரணம் சொல்லி சர்வர் கேட்டதில்லை. வைத்துக் கொடுத்தோம். நகரத்தில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று. சாட்சிப் பெட்டி கூலாயில், அக்காவின் அண்ணன் மகன் நடத்தும் உதிரிபாகக் கடையில், டயர்களுக்கு நடுவே.

ஒரு நல்ல நாள் காலையில் மண்டபத்து இணைப்பு அறுந்தது. மண்டபத்துச் சர்வர் தன் கடமையைச் செய்தது. நகரத்துச் சர்வர் கண்ணுக்குத் தெரியவில்லை, சாட்சியும் தெரியவில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டு, ‘பதிவு இயலாது’ என்று சிவப்பு எழுத்தில் போட்டது. எதிரே தாம்பூலத் தட்டோடு ஒரு குடும்பம். பெண்ணின் அத்தை திரையை எட்டிப் பார்த்தார். “இயலாதா? சரி, எந்திரிங்க எல்லாரும்,” என்று அழைத்துப்போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

அக்கா என்னை அழைத்தபோது அவர் குரலைக் கேட்டு, நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

“எது ஓடும்னு சொல்லி வச்சியோ அது ஓடல. ‘இயலாது’ன்னு எழுத ஒரு மெஷினா? அதுக்கு ஒரு பலகையே போதுமே!”

“அக்கா, அது தெரியாததத் தெரியாதுன்னு சொல்லிச்சு. அதுதான் பத்திரம்.”

“தெரியாதுன்னு சொல்ல எனக்கே ஆள் இருக்கு தம்பி. கவுன்டர்ல மூணு பேர் அதத்தான் சொல்லிட்டிருக்காங்க.”

எந்நிலையிலும் ஓடியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் எச்சரித்துவிட்டுச் செய்ய வேண்டியதுதான். நிறுவனமும் அதையே சொன்னது. எச்சரித்தேன். அக்கா புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டார். சாட்சியை விலக்கினேன். இனி மற்றதன் மிஸ்டு கால் நின்றால், எந்தச் சர்வரும் யாரையும் கேட்காமல் தானே தலைமை ஏற்றுக்கொள்ளும். எப்போதும் ‘ஆகட்டும்’ என்றே சொல்லும். அக்காவின் சுபாவமே அதற்கு வந்துவிட்டது.

3

இதற்கிடையே எங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணம்.

மகள் கயல் கைக்குழந்தையாக இங்கே வந்தவள். இங்கே படித்து இங்கேயே வேலைக்குப் போகிறாள். தமிழில் கோபித்துக்கொள்வாள், ஆங்கிலத்தில் யோசிப்பாள், மலாயில் கணக்குப் போடுவாள். அவள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் வெய் ஜீ, சீனர். எங்களைப் பார்த்தால் கைகூப்புவான். ரசத்தைக் கோப்பையில் வாங்கி, கண்ணில் நீர் வர, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பான். அவனை எப்படி வெறுப்பது?

பதிவுத் திருமணத்துக்கான ஓட்டம் தனி. கயலின் கடவுச்சீட்டு இந்தியா. அவள் மணமாகாதவள் என்று தூதரகம் எழுதித் தர வேண்டும். அதை இங்கே ஓர் அலுவலகம் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததை இன்னொரு அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர் உட்கார்ந்துகொள்ள, வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் அதிகாரி ஒரே பெயரால் கூப்பிட்டார். இருவரும் எழுந்து போனோம்.

“அப்பா, எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு எனக்கே தெரியும். அதுக்கு ரெண்டு கவர்மென்ட் சாட்சி. உங்க சர்வரே பரவால்ல,” என்றாள்.

மலர், என் மனைவி, ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து வந்தாள். மாப்பிள்ளை நம் ஆள் இல்லை, சரி. ஊரில் கல்யாணம் இல்லை, சரி. ஜாதகம் கிடையாது, சரி. ஒன்றைமட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“முகூர்த்தம் என் கையில இருக்கட்டும். அது ஒண்ணுதான் நான் கேக்குறது. ஆடி ஆகாது. ஆவணி பிறந்ததும் வர்ற மொதல் முகூர்த்தம்.”

வெய் ஜீயின் அம்மா லிம், சீனத்தியானாலும் லாயாங் லாயாங்கில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். ரயில் ஊர்த் தமிழ் பேசுவார். நாளைச் சொன்னபோது கைப்பையைத் திறக்கப்போய், திறக்காமல் விட்டார். பிறகு சிரித்து, “நல்ல நாள்னா நல்ல நாள்தான்,” என்றார். அதை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை.

4

மலர் மண்டபம் பதிவு செய்ய அக்காவின் ஜொகூர் பாரு அலுவலகத்துக்குப் பூவும் பழமுமாகப் போன அதே முற்பகலில், செடெனாக்கில் ஒரு மண்வாரி இயந்திரம் மண்டபத்தின் இணையக் கம்பியை அறுத்தது. அங்கே இப்போது எங்கு பார்த்தாலும் தோண்டுகிறார்கள். பனங்காடு இருந்த இடத்தில் தரவு மையங்கள் எழும்புகின்றன. உலகத்துச் சர்வர்களுக்கெல்லாம் வீடு கட்டுகிறவர்கள், எங்கள் சின்னச் சர்வரின் தொப்புள்கொடியை அறுத்துவிட்டார்கள்.

நகரத்துச் சர்வர் நினைத்தது: மண்டபம் போய்விட்டது, நான் இருக்கிறேன். மண்டபத்துச் சர்வர் நினைத்தது: நகரம் போய்விட்டது, இனி நான்தான். இரண்டும் வாசித்தன. மூளை இரண்டாகப் பிளந்த நிலை என்று இதைச் சொல்வோம். எங்கள் தொழிலில் குழந்தைகளைப் பயமுறுத்த வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லிப் பயமுறுத்துவோம்.

வேறு ஊராக, வேறு மக்களாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வருடத்தில் இத்தனை நாட்கள் இருக்க, ஒரு மணி நேரத்துக்குள் இருவர் ஒரே நாளைக் கேட்பது அபூர்வம். ஆனால் கேட்டவர்கள் நாம். ஆடி முழுக்க மூடிவைத்த ஆசையெல்லாம் ஆவணியின் முதல் முகூர்த்தத்தில்தான் போய் மோதும். நகரத்தில் மலர் அந்த நாளைக் கேட்டாள். ஆகட்டும் என்றது சர்வர். செடெனாக்கில் கணேசன் என்கிற ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், தன் மகள் துளசிக்கு அதே நாளைக் கேட்டார்; அதுவும் ஆகட்டும் என்றது.

கம்பியை ஒட்டவைத்ததும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் திகைத்து நின்றன. மென்பொருள் என்னைக் கேட்டது: இரண்டு வரலாறுகள் இருக்கின்றன, எதை வைத்துக்கொள்ளட்டும், எதை அழிக்கட்டும்? மற்றப் பதிவுகளை இரு பக்கமிருந்தும் கையால் எடுத்துச் சேர்த்துவிட்டேன். இந்த ஒன்று மட்டும் நின்றது. இரண்டுமே மெய். இரண்டுமே மஞ்சள் வைத்துச் செய்யப்பட்டவை. அதில் ஒன்றில் என் மகளின் பெயர்.

“எது மொதல்ல பதிஞ்சது?” என்றார் அக்கா. அவர் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

கடிகாரப்படி எங்களுடையது சற்று முந்தியிருந்தது. ஆனால் தனித்து விடப்பட்ட இரண்டு சர்வர்களின் கடிகாரங்களை வைத்து நீதி சொல்லக்கூடாது என்பது எங்கள் பாலபாடம். இரண்டு சுவர்க்கடிகாரங்கள் என்றைக்கு ஒத்துப்போயிருக்கின்றன?

“தெரியலக்கா. என்னால சொல்ல முடியாது.”

“நீயும் ‘இயலாது’ன்னு போடுறியா?”

“ஆமாக்கா.”

5

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மண்டபத்துக்கு வரச் சொன்னார் அக்கா. பசியாறாமல் யாரும் பேசக்கூடாது என்று இட்லி வைத்தார். கணேசனும் அவர் மனைவியும் சுவரோரமாக, நான், மலர், கயல் எதிரே. லிம் அம்மா கயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கணேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், நாங்க சண்டைக்கு வரல. மாப்பிள்ள சரவாக்குல கடல்ல எண்ணெய் எடுக்குற வேலை. அந்த வாரம்தான் லீவு. விட்டா அடுத்த வருசம்தான். நாங்க தாம்பூலம் வச்சிட்டோம்.”

“நாங்களும் வச்சிட்டோமே,” என்றாள் மலர்.

“காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு?” என்றார் அக்கா.

“முகூர்த்தம் காலையில ஒண்ணுதானே அக்கா. சாயந்தரம் எங்க மக கழுத்துல கட்டச் சொல்றீங்களா, அவங்க மக கழுத்துலயா?” என்றாள் மலர்.

கயல் பொறுமையிழந்தாள். “அலமாக், அம்மா! எனக்கு எந்த நாளும் ஓக்கேதான். புதன்கிழமை கூட ஓக்கே. அவங்களுக்கு வேற நாளே இல்ல. நமக்கு எல்லா நாளும் இருக்கு.”

மலரின் முகம் வாடியது. “உனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்லடி. எல்லாத்தையும் விட்டுட்டு இது ஒண்ணத்தான் கேட்டேன்.” கடைசிப் பிடிமானம் போல லிம் அம்மாவிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. உங்க சொந்தக்காரங்களுக்கும் அந்த நாளச் சொல்லிட்டீங்கதானே?”

லிம் அம்மா கயலின் கையை விட்டார்.

“சொல்லிட்டேன். என் அக்கா வர மாட்டாங்க. அண்ணன் வர மாட்டாங்க. யாரும் வர மாட்டாங்க.”

“ஏன்?”

“கோவம் வேணாம், ஆ? அது பேய் மாசம். எங்க காலண்டர்ல ஏழாவது மாசம். செத்தவங்கல்லாம் வெளிய வந்து சுத்துவாங்க. எங்க ஆளுங்க கல்யாணம் பண்ண மாட்டாங்க, வீடு மாத்த மாட்டாங்க, புது காடி கூட எடுக்க மாட்டாங்க.”

புதுக் கார் கூடவா என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

“ஐயோ,” என்றாள் மலர். “இத ஏங்க முன்னாடியே சொல்லல?”

“நீங்க ஆடி ஆவாதுன்னு சொன்னீங்க. சரி. ஆவணி நல்ல மாசம்னு சொன்னீங்க. நானும் ஆவாதுன்னு சொன்னா ரெண்டு மாசமும் போச்சு. அப்புறம் சீனத்தி தடுக்குறான்னு நெனப்பீங்க. பிள்ளைங்க பாவம். நான் வீட்டுல ஊதுபத்தி வச்சு, அந்த ஒரு நாள் மட்டும் யாரும் வெளிய வராதீங்கன்னு கேட்டுக்கலாம்னு இருந்தேன்.”

கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா முந்தானையால் முகத்தை மூடினார். அழுகிறார் என்று நினைத்தேன், தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. மலர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் லிம் அம்மாவின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் என் ஆசையில உங்களக் கேக்கவே இல்ல.”

“கேட்டீங்க. நான்தான் சரின்னு சொன்னேன்.”

“அது கேட்டதா? சொன்னேன், அவ்வளவுதான்.” பிறகு கணேசனின் மனைவியைப் பார்த்து, “நீங்க பண்ணுங்கக்கா. அந்த நாள் உங்களோடது. எங்களுக்கு அது பேய் மாசம்,” என்றாள். கடைசிச் சொல்லில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. கணேசன் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். ரயிலுக்குக் கொடி காட்டிய கை, இரும்பு.

அக்கா சுவரில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். லிம் அம்மா கைப்பையிலிருந்து சிவப்பு எழுத்துச் சீன நாட்காட்டியை எடுத்தார். எப்போதும் உள்ளேயே இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. இரு பெண்களும் இரண்டு தாள்களிலும் விரல் வைத்து இறங்கினார்கள். இங்கே அஷ்டமி, அங்கே ‘மோதும் நாள்’, ஆகாது. இங்கே கரிநாள், அங்கே நல்லது. ஐப்பசியில், தீபாவளிக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமையில் இரண்டு விரல்களும் நின்றன.

“இது உங்களுக்கு ஆகுமா? நெசமா சொல்லணும்,” என்றாள் மலர்.

“நெசமா ஆகும். ரொம்ப நல்லா ஆகும்.”

நகரத்துச் சர்வரின் அந்த ஒரு பதிவை நானே அழித்தேன். மகளின் பெயர் மறைந்தபோது மனம் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். கலங்கவில்லை. பின்னால் இரண்டு சம்பந்திகளும் பூக்காரனை மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

6

“அந்தப் பெட்டியத் திரும்ப வச்சிரு,” என்றார் அக்கா, கணேசன் குடும்பம் கிளம்பியதும்.

“சாட்சியையா? கம்பி அறுந்தா, தனிச்சுப் போன மெஷின் மறுபடியும் ‘இயலாது’ன்னு சொல்லுமே அக்கா.”

“சொல்லட்டும். ஆனா அந்த வாசகத்த நான் சொல்றேன், நீ போடு. செகப்புல வேணாம், மஞ்சள்ல போடு. ‘கொஞ்சம் உள்ள வந்து பசியாறுங்க, பாத்துச் சொல்றோம்.’ சாப்பாடு நான் போடுறேன். சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நீ கம்பிய ஒட்டிரு.”

எந்த நாட்டு மென்பொருளிலும் இப்படி ஒரு பிழைச்செய்தி இல்லை என்று நினைக்கிறேன். மறுவாரமே போட்டுக் கொடுத்தேன்.

நாள் குறித்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலே லிம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். புது நாள் குறித்த சந்தோஷத்தில் மலர் சேமியாப் பாயசம் வைத்தாள். முந்திரி, திராட்சை, சர்க்கரை எல்லாம் தாராளம். லிம் அம்மா ஒரு கிண்ணம் குடித்தார். மலர் இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தார். மழை தூறலாகியிருந்தது. வாசலில் வெய் ஜீ காரைத் திருப்பிக்கொண்டு காத்திருக்க, கயல் குடையோடு கூடப் போனாள். லிம் அம்மா காரில் ஏறி உட்கார்ந்தவர், கதவைச் சாத்தப்போய்ச் சாத்தாமல், தலையை வெளியே நீட்டி மலரைக் கூப்பிட்டார்.

“சம்பந்தி, ஒண்ணு சொல்லவா? பாயசம் எனக்கு ரொம்ப இனிப்பு. மொத நாள்லேர்ந்தே இனிப்பு. அடுத்த வாட்டி வேணாம்னு சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க, ஆ? போய்ட்டு வர்றேன்.”

“சொல்லுங்க,” என்றாள் மலர். “நல்லா சத்தமா சொல்லுங்க. போய்ட்டு வாங்க.”